இறுகினால், கத்தினால், கறை விட்டால்: தையல் மெசினுக்கு எண்ணெய் பார்க்கும் முறை

தையல் மெசினுக்கு வருகிற வருத்தங்களில் முக்கால்வாசி எண்ணெய் வருத்தம்தான். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் இருபது வருடமாகப் பள்ளிச் சீருடை தைத்தும், அக்கம்பக்கத்து மெசின்களைத் திறந்து பார்த்தும் நான் கண்டது இது. ஆனால் மெசினைத் தூக்கிக்கொண்டு வருகிற யாரும் எண்ணெய் பிழை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "டென்சன் போயிட்டுது மகள்", "ஊசி சரியில்ல கா", "மோட்டர் எரியப் போகுது போல" என்றுதான் வருவார்கள். வருமுன்னே வீட்டில் உள்ள ஆம்பிளைகள் எல்லா ஸ்க்ரூவையும் ஒரு சுற்றுத் திருகிப் பார்த்திருப்பார்கள். எண்ணெய்ப் பிழை ஒன்று, திருகிய பிழை ஐந்து என்று ஆறாக வந்து நிற்கும்.

இன்னொன்று. எண்ணெய்ப் பிழை என்றால் எண்ணெய் இல்லாதது மட்டும் அல்ல. கூடிப்போனதும் பிழை, வேறு எண்ணெய் விட்டதும் பிழை, போடக்கூடாத இடத்தில் போட்டதும் பிழை. என்னிடம் காய்ந்துபோய் வந்த மெசினைவிடத் தோய்ந்துபோய் வந்த மெசின்தான் அதிகம்.

கீழே சொல்வது பெரும்பாலும் நம் வீடுகளில் இருக்கிற கறுப்புத் தலை, கால் மிதி மெசினுக்கு. 1978 சூறாவளிக்கு முன் வாங்கியது என்று சொல்லி இன்றும் தைக்கிற மெசின்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கின்றன. அந்த வார்ப்பிரும்பு சும்மா சாகாது. கரண்ட் மெசினுக்கும் ஜூக்கி என்கிற வேகமான தொழிற்சாலை மெசின் வகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

எந்த எண்ணெய்

தையல் மெசின் எண்ணெய் என்று சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் விற்பதுதான். பார்க்கத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும், மணம் இராது, விரலில் தேய்த்தால் பிசுபிசுக்காமல் வழுக்கும். மஞ்சளாகிப்போன பழைய போத்தலைக் கேற் பிணைச்சலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மெசினுக்கு வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நம் ஊரில் கைக்கு எட்டிய எண்ணெய் அதுதான், அதனால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 24 பாகைக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும் சாமான் அது. மார்கழி மழையில் விடியப்புறம் போத்தலுக்குள்ளேயே வெண்மை தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உறைவதைக்கூட மன்னிக்கலாம், பகலில் உருகிவிடும். ஆனால் சமையல் எண்ணெய் எதுவானாலும் மெல்லிய படலமாகக் காற்றுப் பட்டுக் கிடந்தால் நாளாக நாளாகத் தடித்து, நூல்தூசியையும் சேர்த்துக்கொண்டு, பலாப்பால் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். நல்லெண்ணெய்க்கும் இதே கதைதான்.

மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றிய மிச்ச ஒயில் இதற்குத் தடிப்பு. கழற்றி எடுத்த கறுப்பு ஒயில் என்றால் அதில் கரியும் இரும்புத் தூளும் கலந்திருக்கும், அது எண்ணெய் அல்ல, உப்புத்தாள். டபிள்யூ.டி. 40 நல்ல சாமான்தான். ஆனால் அது 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்ட கலவை, பேரில் உள்ள அந்த இரண்டு எழுத்துக்கும் அர்த்தமே அதுதான். துருப் பிடித்த ஸ்க்ரூவை இளக்க உதவும். அதை அடித்துவிட்டு அப்படியே தைத்தால் ஒரு கிழமையில் மெசின் பழையபடி கத்தும். அடித்தால் துடைத்துவிட்டு மெசின் எண்ணெய் போட வேண்டும்.

"சில்லு சுத்துதில்ல, இறுகிப்போச்சு"

அவசரப்பட்டு எண்ணெய் விடாதீர்கள். எங்கே இறுகியிருக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். நூலைக் கழற்றுங்கள், ஊசியையும் கழற்றுங்கள், துணியை அழுத்துகிற பாதத்தைத் தூக்கி விடுங்கள். தோல் பெல்ட்டைக் கைச்சில்லில் இருந்து தள்ளி விடுங்கள். இப்போது சில்லைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றுங்கள். இலேசாகச் சுற்றினால் தலையில் பிழை இல்லை, பிழை கீழே மிதியிலோ பெரிய சில்லிலோதான். அங்கே அச்சு இருக்கிற இடங்களில் தூசியைச் சுரண்டி, இரண்டு சொட்டு விட்டால் முடிந்தது. தலைமுடியும் நூலும் அச்சில் சுற்றி உருண்டையாகக் கிடக்கும், அதை பிளேட்டால் அறுத்து எடுங்கள்.

தலைதான் இறுகல் என்றால் இன்னொரு சோதனை. கைச்சில்லின் நடுவில் ஒரு உருண்டைத் திருகு இருக்கிறதல்லவா, பொபினுக்கு, அதாவது அடி நூல் உருளைக்கு, நூல் சுற்றும்போது தளர்த்துவோமே, அதைத் தளர்த்துங்கள். சில்லு மட்டும் தனியாகச் சுற்ற வேண்டும். அதுவே சுற்றவில்லை என்றால் சில்லுக்குள்தான் எண்ணெய் பசையாகியிருக்கிறது. சில்லு சுற்றுகிறது, திருகை இறுக்கியதும் மறுபடி நிற்கிறது என்றால் உள்ளே தண்டுகளில் எங்கோ பிடித்திருக்கிறது.

பிடிக்கிற விதத்தையும் கை சொல்லும். முழுச் சுற்றும் ஒரே மாதிரிப் பாரமாக இருந்தால் பசை. சுகமாக வந்து ஒரே இடத்தில் டக் என்று நின்றால், அடியில் மேல் நூலையும் அடி நூலையும் பின்னுகிற ஷட்டிலில் நூல் சிக்கியிருக்கிறது. சிக்கல் என்றால் பொபின் கேஸை எடுத்துவிட்டு, ஷட்டில் ஓடுகிற வளையத்தில் இரண்டு சொட்டு விட்டு, சில்லை முன்னுக்கும் பின்னுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். நூல் துண்டு துண்டாக வெளியே வரும், குறட்டால் பிடித்து இழுக்கலாம். முட்டித் திருப்ப வேண்டாம்.

பசை என்றால் பொறுமை வேண்டும். போன வருடம் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மாமி ஒருவர் கொண்டுவந்த மெசினை எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். பேத்தியின் சட்டை தைக்க ஆறு வருடத்துக்குப் பிறகு திறந்திருக்கிறார். சில்லு அசையவில்லை. மருமகன் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயை மேலே உள்ள ஓட்டைகளில் ஊற்றியிருக்கிறார், கொஞ்சம் அசைந்தது, அடுத்த நாள் முன்னையதைவிட மோசம். தலையைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் உள்ள தண்டுகள் எல்லாம் தேன் பூசியது மாதிரிப் பழுப்பு. நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது.

அதற்கு மருந்து மண்ணெண்ணெய். ஒரு பழைய சாரன் துண்டை மெசினுக்குக் கீழே விரியுங்கள். பக்கத்தில் அடுப்பு, குப்பி விளக்கு, நுளம்புச் சுருள் எதுவும் கூடாது, சன்னலைத் திறந்து வையுங்கள், கரண்ட் மெசின் என்றால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மண்ணெண்ணெயை ஊற்ற வேண்டாம். எண்ணெய் ஓட்டை ஒவ்வொன்றிலும், இரும்போடு இரும்பு உரசுகிற ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு சொட்டு விட்டு, அரை மணித்தியாலம் விட்டுவிடுங்கள். திரும்பி வந்து சில்லை இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் என்று ஆட்டுங்கள். அசையாவிட்டால் மறுபடி சொட்டு, மறுபடி காத்திருப்பு. அந்த மாமியின் மெசின் காலையில் தொடங்கி மறுநாள் மத்தியானம்தான் முழுச்சுற்று வந்தது. வரத் தொடங்கியதும் அடியில் கறுப்புத் தண்ணீர் சொட்டும்; பழைய பல் பிரஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுங்கள். சுத்தமான சொட்டு வரும்வரை செய்ய வேண்டும்.

இங்கேதான் பலர் பிழை விடுவது. மண்ணெண்ணெய் விட்டதும் மெசின் பறக்கும், சந்தோசத்தில் அப்படியே தைக்கத் தொடங்குவார்கள். மண்ணெண்ணெய் பசையையும் கழுவும், இருந்த எண்ணெயையும் கழுவும். காய்ந்த பிறகு வெறும் இரும்பு வெறும் இரும்பில் உரசும். அதனால் துடைத்து, ஒரு இரவு காயவிட்டு, எல்லா இடத்துக்கும் மெசின் எண்ணெய் போட்ட பிறகுதான் பெல்ட்டை மாட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்து மறுபடி ஒருமுறை போடுங்கள், உள்ளே ஒளிந்திருந்த அழுக்கு அதோடு இறங்கும்.

ஸ்பிரிட், சானிடைசர் எதையும் பழைய கறுப்பு மெசினின் உடம்பில் தேய்க்காதீர்கள். தங்கப் பூ வேலைக்கு மேலே பூசிய வார்னிசை அது கரைத்துவிடும். கொரோனாக் காலத்தில் துடைத்துத் துடைத்துப் பூவே இல்லாமல் போன மெசின் ஒன்று என் வீட்டிலேயே இருக்கிறது, துடைத்ததும் நான்தான்.

"சத்தம் போடுது"

என்ன சத்தம் என்று கேட்டால் எல்லாரும் வாயால் செய்து காட்டுவார்கள், அது நல்லது. கீச் கீச் என்றால் காய்ந்த உரசல், எண்ணெய் கேட்கிறது. பெரும்பாலும் ஊசித்தண்டும், நூலைத் தூக்குகிற கையும் இருக்கிற இடப்பக்கத்து முகத்தகட்டுக்குள். அந்தத் தகட்டின் ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே நாலைந்து மூட்டு தெரியும், மூட்டுக்கு ஒரு சொட்டு.

கடகட என்று கீழிருந்து வந்தால் ஷட்டில். பொபின் கேஸை எடுத்து, ஷட்டிலைப் பிடித்திருக்கிற வளையத்தைக் கழற்றுங்கள். சில மெசினில் இரண்டு கொக்கி, சிலதில் ஸ்க்ரூ. கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், திருப்பிப் போடும்போது எந்தப் பக்கம் முகம் என்று யாருக்கும் ஞாபகம் இராது. வளையத்துக்குள் தூசியைத் துடைத்து, ஷட்டிலின் விளிம்பில் ஒரே ஒரு சொட்டு. மெசினிலேயே வேகமாக ஓடுகிற உரசல் இதுதான், நாள் முழுக்கத் தைக்கிறவர்கள் தினமும் காலையில் இந்த ஒரு சொட்டை மறக்கக் கூடாது.

டிக் டிக் என்று தையலுக்கு ஒருமுறை சரியாக வந்தால் அது எண்ணெய்ச் சத்தமே அல்ல. ஊசி வளைந்து தகட்டிலோ ஷட்டிலிலோ முட்டுகிறது. ஊசியை மாற்றுங்கள்.

மருதமுனைக் கைத்தறிச் சாரன் மூட்டுகிறவர்கள், பருத்தி வேலை அதிகம் உள்ளவர்கள் தகட்டுக்குக் கீழே பார்க்க வேண்டும். துணியை நகர்த்துகிற பல்லின் இடுக்கில் பஞ்சுத்தூசி அடைந்து, எண்ணெயைக் குடித்து, கம்பளித் துண்டு மாதிரி இறுகியிருக்கும். ஊசி முனையால் ஒரு ஓரத்தைக் கிளப்பினால் தோசை மாதிரி ஒரே தகடாக வரும். நீங்கள் விடுகிற எண்ணெய் முழுவதையும் இந்தத் தகடு உறிஞ்சிக்கொள்ளும், இரும்புக்கு ஒன்றும் போய்ச் சேராது. தூசி எடுக்காமல் எண்ணெய் விடுவது ஓட்டை வாளிக்குத் தண்ணீர் அள்ளுகிற வேலை. வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் துருவாகும். பிரஷ்தான் சரி.

"வெள்ளைத் துணியில எண்ணெய் பட்டுட்டுது"

இந்தப் பகுதியைக் கண்ணீரோடு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தவணை தொடங்குமுன் ஒரு வாரத்தில் பதினாறு வெள்ளைச் சீருடை முடிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் இரவு மெசினுக்கு நன்றாக எண்ணெய் விட்டேன், அதாவது அளவு பாராமல் விட்டேன். காலையில் முதல் சட்டையின் கழுத்துப்பட்டியில் மிளகளவு மஞ்சள் வட்டம். அரசாங்கம் கொடுத்த துணி, அந்த வீட்டில் மாற்றுத் துணி இல்லை.

கறை எங்கிருந்து இறங்குகிறது என்றால் ஊசித்தண்டும் பாதத்தண்டும்தான். முகத்தகட்டுக்குள் கூடுதலாக விட்டது தண்டு வழியே வழிந்து ஊசிக்கு வரும், ஊசி அதைத் தையலுக்குத் தையல் துணியில் ஒற்றும். முகத்தகட்டைத் திறந்து, துணியால் தண்டுகளைச் சுற்றிப் பிடித்து, சில்லைச் சுற்றிக்கொண்டே துடையுங்கள். ஊசியைக் கழற்றித் துடையுங்கள். பிறகு நூல் போடாமல் ஒரு வேஸ்ட் துணியில் இரண்டு முழம் ஓட்டுங்கள், கறை விழாமல் வரும்வரை. இரவில் எண்ணெய் விட்டால் பாதத்துக்குக் கீழே மடித்த துணி ஒன்றை வைத்து, பாதத்தை இறக்கிவிட்டுப் படுங்கள். விடியும்போது வழிந்தது எல்லாம் அதில் இருக்கும்.

பட்ட கறைக்கு: உடனே தண்ணீர் தொடாதீர்கள், அயன் பண்ணவே பண்ணாதீர்கள். சூடு பட்டால் கறை தங்கிவிடும். முகப்பவுடரை வட்டத்தின் மேல் தடிப்பாகப் போட்டு ஒரு மணித்தியாலம் வையுங்கள், எண்ணெயை அது இழுக்கும். தட்டிவிட்டு, பாத்திரம் கழுவுகிற திரவச் சவர்க்காரத்தில் ஒரு சொட்டை விரலால் தேய்த்து, அப்புறம் வழக்கம் போலத் துவையுங்கள். வெயிலில் காய்ந்த பிறகு வட்டம் தெரியாவிட்டால் மட்டும் அயன். அந்தக் கழுத்துப்பட்டி இரண்டாம் துவையலில் தப்பியது.

எவ்வளவு விடுவது என்று கைக்குப் பழகும்வரை, பார்மசியில் ஒரு சின்னச் சிரிஞ்சு வாங்கி, ஊசி முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கி, அதில் எண்ணெய் எடுத்து விடுங்கள். போத்தல் மூக்கு நாலு சொட்டு விடுகிற இடத்தில் சிரிஞ்சு ஒன்று விடும். நான் மேலே உள்ள ஓட்டைகளில் தொடங்கி, முகத்தகடு, பிறகு தலையைச் சாய்த்து அடித்தண்டுகள், கடைசியில் ஷட்டில் என்று எப்போதும் ஒரே வரிசையில் போவேன். வரிசை மாறாவிட்டால் விட்ட இடத்தில் மறுபடி விட மாட்டோம். முழுவதற்கும் ஐந்து நிமிடம் போதும்.

"தையல் அடியில வளையம் வளையமா வருது"

நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற டென்சன் ஸ்க்ரூவைத் தொடுமுன், அங்கே நூலைப் பிடித்திருக்கிற இரண்டு வட்டத் தகடுகளுக்கு இடையில் பாருங்கள். எண்ணெய் கசிந்திருந்தால் நூல் பிடி இல்லாமல் வழுக்கும், அடியில் கொத்தாக விழும். அங்கே எண்ணெய் ஒருபோதும் போடக் கூடாது. பாதத்தைத் தூக்கினால் தகடுகள் விரியும், அந்த நேரத்தில் மெல்லிய பருத்தித் துணியை மடித்து இடையில் விட்டு, பல் இடுக்கில் நூல் இழுப்பது போல இழுத்துத் துடையுங்கள்.

"மிதிக்கிறன், சில்லு வழுக்குது"

பெல்ட்டில் எண்ணெய். தோல் பெல்ட்டைக் காய்ந்த துணியால் துடைத்து, சோக்கட்டியால் ஒரு தேய் தேயுங்கள். சில்லின் பள்ளத்தையும் துடைக்க வேண்டும். அப்படியும் வழுக்கினால் தோல் நீண்டுவிட்டது, கால் அங்குலம் வெட்டிக் கம்பியை மறுபடி பூட்டுங்கள்.

வெள்ளம் குடித்த மெசின்

2011 தை வெள்ளத்தில் எங்கள் பக்கத்தில் மேசைக்கு மேலே தூக்கி வைத்த மெசின்கூட நனைந்தது. நனைந்ததைவிட, வெள்ளம் வடிந்து வீடு கழுவி முடித்து இரண்டு கிழமைக்குப் பிறகு எடுத்துப் பார்த்ததுதான் கேடு. சேறு காயுமுன் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நனைந்த இரும்பை மறுபடி நனைப்பதா என்று யோசிக்க வேண்டாம். கடல் தண்ணீர் என்றால் உப்புப் போக இரண்டு மூன்று தரம் கழுவ வேண்டும். பிறகு துடைத்து வெயிலில் வைத்து, ஈரத்தை விரட்ட டபிள்யூ.டி. 40, அடுத்து முன்னே சொன்ன மண்ணெண்ணெய் வைத்தியம், கடைசியில் மெசின் எண்ணெய். மோட்டர் நனைந்திருந்தால் பிளக்கில் போட்டுப் பார்க்கவே கூடாது, வயரிங் தெரிந்தவர் திறந்து காய வைக்கட்டும்.

வெள்ளம் வராத வருடத்திலும் கல்லடி, நாவலடி மாதிரிக் கடல் பக்க வீடுகளில் உப்புக்காற்றே போதும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தூசி, மாரியில் ஈரம். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளே நின்று வேர்க்கும், பருத்தித் துணியால் மூடுங்கள். தைக்காவிட்டாலும் மாதத்துக்கு ஒரு தரம் நூல் இல்லாமல் சில்லைச் சுற்றிவிடுங்கள்.

கரண்ட் மெசினும் ஜூக்கியும்

புதுக் கரண்ட் மெசின்களில் சிலதுக்கு நாம் எண்ணெய் விட வேண்டியதே இல்லை. மற்றதுக்குக் கூட வந்த புத்தகத்தில் எந்த இடத்தில் என்று படம் இருக்கும், அந்த இடம் மட்டும். உள்ளே பிளாஸ்டிக் பற்சில்லு இருந்தால் மண்ணெண்ணெய் கிட்டவே போகக் கூடாது. மோட்டருக்குள் எண்ணெய் விடாதீர்கள், கரித்துண்டு நனைந்தால் பொறி பறக்கும். எரிகிற மணம் வந்தால் நிறுத்துங்கள், அது எண்ணெயால் தீராது.

ஜூக்கி வகைக்கு அடியில் எண்ணெய்த் தட்டு இருக்கிறது, அதில் மேல்கோடு கீழ்க்கோடு இரண்டு. நடுவில் நிற்க வேண்டும். தலையில் உள்ள சின்னக் கண்ணாடிக்குள் ஓடும்போது எண்ணெய் தெறிப்பது தெரிய வேண்டும். தெறிக்கவில்லை என்றால் அந்த நிமிடமே காலை எடுங்கள். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் போகிற மெசின் அது, காய்ந்து ஓடினால் இறுகுவதற்கு ஒரு சட்டை முடியும் நேரம் போதும். எண்ணெய் பழுப்பாகிவிட்டால் மேலே ஊற்றி நிரப்பாமல் முழுவதையும் இறக்கி, தட்டைத் துடைத்து, புதிதாக விடுங்கள்.

இவ்வளவும் செய்தும் தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியும் ஷட்டிலும் சந்திக்கிற நேரம் தப்பியிருக்கும். அதை மெசின் திருத்துகிறவரிடம்தான் காட்ட வேண்டும். மேசையோடு ஏற்றி ஓட்டோக் காசைக் கூட்டாதீர்கள். தலையைப் பின்பக்கமாகச் சாய்த்தால் பிணைச்சலில் இரண்டு ஸ்க்ரூ தெரியும், தளர்த்தினால் தலை மட்டும் கையோடு வரும். பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேராகத் தூக்குங்கள். ஊசியையும் பொபின் கேஸையும் கழற்றி ஒரு டப்பியில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள். பொபின் கேஸ் இல்லாமல் வந்தால் தைத்துப் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.